டி.எம்.சி., கன அடி, ஏக்கர் அடி: அணைத் தண்ணீர்க் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் பிறந்துவிட்டால் மேட்டூர் நிலவரம் டீக்கடை வரை பேச்சாகிவிடும். நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி. என்று ஒரே வாக்கியத்தில் மூன்று அளவுகள் வரும். மூன்றும் வெவ்வேறு விஷயங்களைச் சொல்கின்றன. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

டி.எம்.சி. என்றால் என்ன?

தவுசண்ட் மில்லியன் கியூபிக் ஃபீட் என்பதன் சுருக்கம். ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி. முழுச் சுருக்கம் டி.எம்.சி.எஃப்.டி. என்று நீளும். பேச்சில் வால் உதிர்ந்து டி.எம்.சி. நின்றுவிட்டது.

மனக்கண்ணில் பார்க்க எளிய வழி உண்டு. 1,000 அடி நீளம், 1,000 அடி அகலம், 1,000 அடி உயரம் உள்ள ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அது நிறையத் தண்ணீர் இருந்தால் சரியாக 1 டி.எம்.சி. லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி அதற்குள் ஊற்றினால் 28 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். ஒன்பது மாடிக் கட்டடம் மூழ்கும். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 23 லட்சத்து 60 ஆயிரம் நடை.

நூறு கோடி என்றால் பில்லியன்தானே? எதற்கு "ஆயிரம் மில்லியன்" என்று சுற்றி வளைக்க வேண்டும்?

பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன வழக்கம் இது. இன்று பில்லியன் என்றால் நூறு கோடி. பழைய பிரிட்டிஷ் வழக்கில் அதே சொல்லுக்கு லட்சம் கோடி என்று பொருள். அமெரிக்கக் கணக்குக்கு பிரிட்டன் அரசு அதிகாரபூர்வமாக மாறியதே 1974-இல்தான். பில்லியன் என்று எழுதினால் ஆளுக்கொரு அர்த்தம் வரும். ஆயிரம் மில்லியன் என்று எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை. அணைகள் கட்டிய காலத்துக் கோப்புகள் அப்படியே நம் நாளிதழ் வரை வந்துவிட்டன.

"அணைக்கு 10,000 கன அடி வருகிறது" என்கிறார்கள். 10,000 கன அடி மட்டும்தான் வந்ததா?

இல்லை. குழப்பம் எல்லாம் இங்கேதான் பிறக்கிறது. அந்த வாக்கியத்தில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது: விநாடிக்கு. ஒவ்வொரு விநாடியும் 10,000 கன அடி வந்துகொண்டிருக்கிறது என்பதுதான் பொருள். ஆங்கிலத்தில் இதற்கு கியூசெக் என்று தனிச்சொல் உண்டு. தமிழில் அதையும் "கன அடி" என்றே எழுதிப் பழகிவிட்டோம். இருப்பையும் ஓட்டத்தையும் ஒரே சொல்லால் சொல்கிறோம்.

உண்டியலில் 5,000 ரூபாய் இருக்கிறது என்பதும், மாதம் 5,000 ரூபாய் வருகிறது என்பதும் ஒன்றல்ல. முதலாவது இருப்பு, இரண்டாவது வரவு. டி.எம்.சி. இருப்புக் கணக்கு. கியூசெக் வரவு செலவுக் கணக்கு. கியூசெக்கை இருப்பாக மாற்ற வேண்டுமானால் எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரிந்தாக வேண்டும். நேரம் தெரியாமல் "10,000 கன அடி அதிகமா, குறைவா" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

செய்தி மேசையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் "அணைக்கு நீர்வரத்து 8,000 டி.எம்.சி." என்று எழுதி அனுப்பிவிட்டேன். மேலே இருந்தவர் கூப்பிட்டு, "தம்பி, மேட்டூர் எண்பது தடவை நிரம்பிவிட்டது, பார்த்துக்கொள்" என்றார். அன்றிலிருந்து "விநாடிக்கு" என்ற சொல்லை நான் விடுவதில்லை. இடம் போதவில்லை என்று யாராவது வெட்டினால் சண்டைக்குப் போவேன்.

ஒரு கன அடி தண்ணீர் கையில் எவ்வளவு?

28.3 லிட்டர். சுமார் 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் இரண்டில் அடங்கிவிடும். விநாடிக்கு 1 கன அடி ஓட்டம் என்றால் விநாடிக்கு இரண்டு குடம். அந்த ஓட்டத்தைத் திருப்பிவிட்டால் மொட்டைமாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டி 35 விநாடியில் நிரம்பும். 12,000 லிட்டர் லாரிக்கு ஏழு நிமிடம் போதும். ஒரே ஒரு கியூசெக் இவ்வளவு செய்கிறது. வெள்ளக் காலத்தில் 2 லட்சம் கன அடி என்று கேட்டால் அந்த இரண்டு குடத்தை 2 லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள்.

கன அடியை டி.எம்.சி.யாக மாற்றுவது எப்படி?

ஒரு நாளில் 86,400 விநாடிகள். விநாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 8 கோடியே 64 லட்சம் கன அடி, அதாவது 0.0864 டி.எம்.சி. திருப்பிப் போட்டால், ஒரு நாளில் 1 டி.எம்.சி. சேர விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஓட வேண்டும்.

11,574 என்ற இந்த ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அவசரத்துக்கு "பதினொன்றரை ஆயிரம் ஒரு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி." என்று வைத்துக்கொண்டால் போதும். மனக்கணக்கிலேயே முக்கால்வாசிச் செய்திகளைச் சரிபார்த்துவிடலாம்.

நீதிமன்றமும் ஆணையமும் சொல்லும் கன அடிக் கணக்கை எப்படிப் புரிந்துகொள்வது?

எத்தனை நாளுக்கு என்று பார்க்க வேண்டும். 2016 செப்டம்பர் 5-இல் உச்ச நீதிமன்றம், காவிரியில் தமிழ்நாட்டுக்கு விநாடிக்கு 15,000 கன அடி வீதம் 10 நாள் திறந்துவிடும்படி கர்நாடகத்திடம் சொன்னது. மொத்தம் 12.96 டி.எம்.சி. 2023 ஆகஸ்ட் இறுதியில் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு விநாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள் என்றது. அது 6.48 டி.எம்.சி. தலைப்பில் வந்த எண்களை மட்டும் பார்த்தால் முதலாவது மூன்று மடங்கு. மொத்தத் தண்ணீரில் இரண்டு மடங்குதான்.

மாதப் பங்கீட்டையும் இப்படித் திருப்பிப் பார்க்கலாம். 2018 பிப்ரவரி 16 தீர்ப்பின்படி தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. அதில் ஆகஸ்ட் பங்கு 45.95. அந்த மாதம் முழுக்கச் சராசரியாக விநாடிக்கு 17,150 கன அடி வந்துகொண்டே இருந்தால்தான் அது தேறும். பிப்ரவரிப் பங்கு 2.5 டி.எம்.சி., விநாடிக்கு ஆயிரத்துச் சொச்சம் கன அடி. ஆகஸ்டில் 5,000 கன அடி ஏன் சண்டையாகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

காவிரியில் 740 டி.எம்.சி. என்கிறார்கள். மேட்டூரின் கொள்ளளவோ 93.47 டி.எம்.சி. மீதியை எங்கே வைக்கிறார்கள்?

740 என்பது ஒரே நேரத்தில் எங்கும் நிற்கும் தண்ணீர் அல்ல. காவிரிப் படுகை முழுவதிலும் ஓராண்டில் கிடைக்கும் தண்ணீர் இது. இரண்டு ஆண்டுக்கு ஒரு ஆண்டாவது இந்த அளவு கிடைக்கும் என்ற 50 சதவீத நம்பகத்தன்மையின் அடிப்படையில் நடுவர் மன்றம் 2007-இல் எடுத்துக்கொண்ட கணக்கு. அணை ஒரு பக்கம் நிரம்பும், மறுபக்கம் திறக்கப்படும், மறுபடி நிரம்பும். மாதச் சம்பளம் 50,000 வாங்குபவரிடம் வருடத்துக்கு 6 லட்சம் வருகிறது என்பதற்காக அவர் பீரோவில் 6 லட்சம் இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லையே.

அணையில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் பாதித் தண்ணீர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லவே இல்லை. அணைச் செய்திகளில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

அணைக்குப் பின்னால் இருப்பது நேர்ச்சுவர் வைத்த தொட்டி அல்ல, ஒரு பள்ளத்தாக்கு. அடியில் ஆற்றுப் படுகை அளவுக்குக் குறுகல். மேலே போகப் போகக் கிளை ஓடைகள், மலைச்சரிவுகள் எல்லாம் சேர்ந்து அகன்றுகொண்டே போகும். வாணலியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு விரல் உயரத்துக்கு நிற்கும் எண்ணெயும், வாய்விளிம்பில் ஒரு விரல் உயரத்துக்கு நிற்கும் எண்ணெயும் ஒரே அளவா?

மேட்டூரையே பார்ப்போம். முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மட்டம் 100 அடியாக இருக்கும்போது ஏறத்தாழ 65 டி.எம்.சி. இருக்கும். பாதி உயரமான 60 அடிக்கு வரும்போது சுமார் 25 டி.எம்.சி.தான். பாதி உயரத்தில் கால்வாசியைச் சற்றே தாண்டிய தண்ணீர், அவ்வளவுதான். இன்னொரு பக்கம், மேலே இருக்கும் கடைசி 20 அடிக்குள் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் அடங்குகிறது. கீழே இருக்கும் 60 அடியைவிட மேலே இருக்கும் 20 அடியில் தண்ணீர் அதிகம்.

வெள்ளம் வரும்போது "காலையில் 60 அடி, மறுநாள் 68 அடி" என்று மட்டம் தாவுவதும், நூறைத் தாண்டியபின் அதே வரத்துக்கு மட்டம் ஆமை வேகத்தில் ஏறுவதும் இதனால்தான். வரத்து குறைந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். மேல்மட்டத்தில் ஒரு அடி ஏறவே ஏறத்தாழ ஒன்றரை டி.எம்.சி. தேவை.

கிருஷ்ணராஜ சாகரில் 124 அடி, மேட்டூரில் 120 அடி. அப்படியானால் அங்கே தண்ணீர் அதிகமா?

கிருஷ்ணராஜ சாகர் 124.80 அடியில் நிரம்பினால் 49.45 டி.எம்.சி. மேட்டூர் 120 அடியில் நிரம்பினால் 93.47. அடியை வைத்து ஒரு அணையை இன்னொரு அணையோடு ஒப்பிடவே கூடாது. பள்ளத்தாக்கின் வடிவம் ஒருபுறம் இருக்கட்டும், அடியை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதே ஊருக்கு ஊர் மாறும். கபினியின் முழு மட்டத்தை நம் பத்திரிகைகள் 84 அடி என்று எழுதும், கர்நாடகத்தில் 2,284 அடி என்று எழுதுவார்கள். இரண்டும் சரிதான். இரண்டாவது, கடல் மட்டத்திலிருந்து எண்ணியது.

முழு இருப்பையும் பயன்படுத்த முடியுமா?

முடியாது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் தானாக வெளியே வராது. குடிநீருக்கும் மீனுக்கும் என்று கொஞ்சம் ஒதுக்கியும் வைப்பார்கள். முல்லைப் பெரியாறு நல்ல எடுத்துக்காட்டு. 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த மட்டம் 142 அடி. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் எடுக்க முடிவது 104 அடிக்கு மேல் நிற்பதை மட்டும்தான். 142-இலிருந்து நூற்றுநான்கைக் கழித்த 38 அடிதான் தேனிக்கும் மதுரைக்கும் கணக்கு.

ஓடுகிற ஆற்றில் விநாடிக்கு இவ்வளவு என்று எப்படி அளக்கிறார்கள்?

கணக்கு எளிது: அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கு. ஆறு 200 அடி அகலம், சராசரி 10 அடி ஆழம், தண்ணீர் விநாடிக்கு 5 அடி நகர்கிறது என்றால் விநாடிக்கு 10,000 கன அடி.

களத்தில் அவ்வளவு எளிதில்லை. ஆற்றுக்கு அடி சமதளம் கிடையாது. நடுவில் ஓடும் வேகம் கரையோரத்தில் இருக்காது. மேலே ஓடும் வேகம் அடியில் இருக்காது. அதனால் ஆற்றைக் குறுக்காகப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழம் பார்த்து, கிண்ணம் கிண்ணமாகச் சுற்றும் வேகமானியை உள்ளே இறக்கி, தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுவார்கள். சராசரி வேகம் பொதுவாக மேல்பரப்பிலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் கிடைக்கும் என்பதால் கருவியை அந்த ஆழத்தில் நிறுத்துவது வழக்கம்.

தினமும் இதைச் செய்து மாளாது. வெவ்வேறு மட்டங்களில் பலமுறை அளந்து, "இந்த மட்டத்துக்கு இவ்வளவு ஓட்டம்" என்று ஒரு அட்டவணை தயாரித்துவிடுவார்கள். பிறகு கரையில் நட்ட அளவுகோலைப் படித்தால் போதும். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளப்பதைத்தான் இரண்டு மாநிலங்களும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெருவெள்ளம் ஆற்று அடியை அரித்துவிட்டால் பழைய அட்டவணை பொய் சொல்லும், புதிதாகத் தயாரிக்க வேண்டும்.

கருவி எதுவும் இல்லாமல் நீங்களே வாய்க்காலில் அளந்து பார்க்கலாம். கரையில் 30 அடிக்கு இரண்டு குச்சி நடுங்கள். மேல்குச்சிக்குச் சற்று முன்னால் ஒரு தேங்காய் நெற்றைப் போட்டு, குச்சிக்குக் குச்சி எத்தனை விநாடி என்று பாருங்கள். 10 விநாடி என்றால் மேல்பரப்பு வேகம் விநாடிக்கு 3 அடி. அடியில் வேகம் குறைவு என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 2.55. வாய்க்கால் 6 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் ஓட்டம் விநாடிக்கு ஏறத்தாழ 30 கன அடி. மதகைத் திறந்த லஸ்கர் சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம், சண்டை போடாமல்.

அணைக்கு வரும் தண்ணீரையும் இப்படித்தான் அளக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை, இது பலருக்கும் தெரியாத விஷயம். நேற்றைய மட்டம், இன்றைய மட்டம் இரண்டையும் அட்டவணையில் பார்த்து இருப்பு எவ்வளவு மாறியது என்று எடுப்பார்கள். அதோடு வெளியே விட்டதைக் கூட்டினால் வந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். வீட்டில் பர்ஸை எண்ணிப் பார்த்துச் செலவைக் கண்டுபிடிப்பது மாதிரி.

இதில் ஒரு வம்பு உண்டு. மேட்டூர் நிரம்பியிருக்கும்போது ஒரு அங்குலம் என்பதே 0.12 டி.எம்.சி.க்குக் குறையாது. காற்றடித்து அலை எழும் நேரத்தில் அளவுகோலை ஒரு அங்குலம் தள்ளிப் படித்துவிட்டால் நீர்வரத்து விநாடிக்கு 1,400 கன அடிக்கு மேல் கூடவோ குறையவோ தெரியும். மழையே இல்லாத நாளில் வரத்து திடீரென்று கூடி மறுநாள் பழையபடி இறங்கினால், மேலே எங்கோ ரகசியமாகத் திறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

திறந்தது ஒன்று, வந்து சேர்ந்தது ஒன்று. நடுவில் எங்கே போகிறது?

மணல் குடிக்கும், கரை குடிக்கும், வழியில் மோட்டார் வைத்தவர் குடிப்பார். மீதியை வெயில் குடிக்கும். வெயிலின் பங்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 100 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் விநாடிக்கு 200 கன அடி வானத்துக்குப் போகிறது. யாரும் மதகைத் திறக்கவில்லை, ஆனாலும் ஒரு சிறு கால்வாய் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒப்பந்தங்களிலேயே இதற்கு இடம் விடுவதுண்டு. சென்னைக்குக் கிருஷ்ணா நீர் தர மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் 1976-இல் ஆளுக்கு 5 டி.எம்.சி. என்று 15 கொடுக்க ஒப்புக்கொண்டன. 1983 தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தில், வழியில் 3 ஆவியாகியும் கசிந்தும் போய்விடும் என்று கழித்து, ஊத்துக்கோட்டை அருகே மாநில எல்லையில் இருக்கும் ஜீரோ பாயிண்டில் ஒப்படைக்க வேண்டியது 12 டி.எம்.சி. என்று எழுதினார்கள்.

சென்னை ஏரிகளுக்கு மட்டும் ஏன் "மில்லியன் கன அடி"?

ஏரிகள் சிறியவை, அவ்வளவுதான். 1,000 மில்லியன் கன அடி சேர்ந்தால் 1 டி.எம்.சி. பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, கண்ணன்கோட்டை தேர்வாய் கண்டிகை 500, செம்பரம்பாக்கம் 3,645. ஐந்தும் நிரம்பினால் 11,757 மில்லியன் கன அடி, அதாவது 11.757 டி.எம்.சி. மேட்டூரில் எட்டில் ஒரு பங்கு.

ஏரி சிறியது என்பதால் ஓட்டத்தின் கணக்கு இங்கே பயங்கரமாக மாறும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதாக அரசுக் கணக்கு. மேட்டூரில் 29,000 என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். செம்பரம்பாக்கத்தில் அதே வேகம் ஒரு நாள் நீடித்தால் 2,505 மில்லியன் கன அடி. ஏரியின் முழுக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். அதுவும் அகலமான காவிரியில் அல்ல, வீடுகளுக்கு நடுவே ஓடும் அடையாற்றில்.

எம்.எல்.டி. என்பது?

மில்லியன் லிட்டர் பெர் டே: நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர். குடிநீர், கழிவுநீர்க்காரர்களின் அளவு. மீஞ்சூர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் நெம்மேலியின் முதல் நிலையமும் தலா 100 எம்.எல்.டி. என்றால் ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர். கியூசெக் போலவே இதுவும் ஓட்டத்தின் அளவுதான், விநாடிக்குப் பதில் நாள்.

1 எம்.எல்.டி. ஏறத்தாழ 0.41 கியூசெக். ஒரு பெருநகரத்துக்கு 1,000 எம்.எல்.டி. கொடுத்தால் அது விநாடிக்கு வெறும் 409 கன அடிதான். ஆனால் வருடம் முழுக்க நிற்காமல் ஓட வேண்டும். ஆண்டுக் கணக்கு 12.9 டி.எம்.சி., ஐந்து ஏரிகளும் விளிம்பு வரை நிரம்பினாலும் போதாத அளவு.

ஒரு டி.எம்.சி. எத்தனை பேருக்குக் காணும்? எத்தனை ஏக்கர் விளையும்?

நகரங்களுக்கு ஆளொன்றுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது அரசு நெறி. அந்தக் கணக்கில் ஒரு கோடிப் பேருக்கு 1 டி.எம்.சி. 21 நாள் வரும்.

வயலுக்கு வந்தால் ஏக்கர் அடி என்ற அளவு கைகொடுக்கும். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 1 ஏக்கர் அடி. அது 43,560 கன அடி, பன்னிரண்டு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர் சொச்சம். விவசாயிக்கு இதைவிட நேரான அளவு கிடையாது. வயலைப் பார்த்த மாத்திரத்தில் புரியும். அமெரிக்காவில் நீர்த்தேக்கக் கணக்கு பெரும்பாலும் இதில்தான். இலங்கைக் குளங்களுக்கும் இந்த அளவு உண்டு. ஒரு கியூசெக் ஒரு நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 2 ஏக்கர் அடி என்பது நினைவில் வைக்க வசதியான கணக்கு.

1 டி.எம்.சி. என்பது 22,957 ஏக்கர் அடி. நெல்லுக்கு நாற்று முதல் அறுப்பு வரை மொத்தம் 4 அடி உயரத் தண்ணீர் வேண்டும் என்று வைத்தால் 5,700 ஏக்கர் விளையும். வாய்க்காலில் வீணாவதைச் சேர்த்தால் குறையும், நடுவில் மழை பெய்தால் கூடும்.

மழையை டி.எம்.சி.யில் சொல்ல முடியுமா?

முடியும். 100 சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தால் 35 மில்லியன் கன அடி. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அங்கே 10 செ.மீ. கொட்டினால் ஒன்றரை டி.எம்.சி. அதில் எவ்வளவு ஏரிக்குப் போகிறது என்பது வேறு கதை. தார்ச்சாலையில் விழுந்தது கூவத்துக்குத்தான் போகும்.

நாடே மெட்ரிக்குக்கு மாறிவிட்டது. அணை மட்டும் ஏன் அடியில் நிற்கிறது?

மத்திய நீர்வள ஆணையத்தின் அறிக்கைகள் பில்லியன் கன மீட்டரில்தான் வருகின்றன. 1 பில்லியன் கன மீட்டர் என்பது 35.3 டி.எம்.சி. மேட்டூர் அந்தக் கணக்கில் 2.65. ஓட்டத்துக்கு கியூமெக், விநாடிக்கு ஒரு கன மீட்டர். அது 35.3 கியூசெக். ஆனால் அணையின் அளவுகோல் அடியில் பொறித்திருக்கிறது, ஒப்பந்தங்கள் டி.எம்.சி.யில் இருக்கின்றன, தீர்ப்புகளும் டி.எம்.சி.யில்தான். இதை மாற்றப் போனால் தசமப் புள்ளிக்காகவே புது வழக்கு வரும் என்பது என் சந்தேகம்.

கொள்ளளவு எப்போதும் அதேதானா?

இல்லை. ஆறு தண்ணீரோடு வண்டலையும் கொண்டுவருகிறது. துங்கபத்ரா அணை கட்டியபோது சுமார் 133 டி.எம்.சி., இப்போது கணக்கில் இருப்பது 105.79. நாகார்ஜுன சாகர் 408-லிருந்து 312-க்கு இறங்கியிருக்கிறது. மட்டம் பழைய அடியைத்தான் காட்டும். அட்டவணையைத் திருத்தாதவரை, காகிதத்தில் தண்ணீர் இருக்கும், அந்த இடத்தில் சேறு இருக்கும்.

நாளிதழில் வரும் ஒரு நாள் நிலவரத்தை நானே சரிபார்ப்பது எப்படி?

ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். மேட்டூர் மட்டம் நேற்று 100 அடி. வரத்து விநாடிக்கு 12,000 கன அடி, திறப்பு 4,000. இன்று மட்டம் எவ்வளவு இருக்க வேண்டும்?

நிகரமாகச் சேர்வது விநாடிக்கு 8,000. ஒரு நாளுக்கு 8,000-ஐ 86,400-ஆல் பெருக்கினால் 69 கோடி கன அடி, அதாவது 0.69 டி.எம்.சி. அந்த மட்டத்தில் ஒரு அடிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் டி.எம்.சி. ஆக, மட்டம் அரை அடிக்குச் சற்று மேல் ஏறி 100.5 அடிக்கு மேல் இருக்க வேண்டும். செய்தியில் 100.55 என்று இருந்தால் சரி. 103 என்று இருந்தால் அணையில் அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை, யாரோ ஒரு எண்ணைத் தவறாக அடித்திருக்கிறார்.